ஆற்றைத் திருப்பின கதை

நிலக்கரி பற்றி நாங்கள் கதைக்கிறதெல்லாம் நுரைச்சோலைப் புகையோட முடிஞ்சுபோகும். அங்கே எரியிற கரி கப்பலில வாறது. தோண்டின குழியை நாங்கள் காணுறதில்லை. புவியியல் பாடத்தில் நெய்வேலி வந்த பிறகுதான், திறந்தவெளிச் சுரங்கத்துக்குத் தண்ணிதான் பெரிய தலையிடி எண்டு விளங்கிச்சு.

அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல்மண்ணை அகற்றினால், அது குழியின் அடியைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் குழாய்க்கிணறு அடித்து இரவு பகலாக இறைக்கிறார்கள். மாரி மழை வேறை. குவித்த மண்ணை அது கரைத்துக்கொண்டு ஓடும். குட்டைகளில் மறித்து வண்டலை அடையவிடாட்டி, கீழே இருக்கிற ஏரிதான் தூர்ந்துபோகும். பெருமாள் ஏரி பற்றிக் கடலூர் விவசாயிகள் கனகாலமா இதைத்தான் சொல்லுகினம்.

2023 ஜூலையில், இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பக் கால்வாய் வெட்டினார்கள். வளையமாதேவியில் நெற்பயிர் நிக்கேக்கயே இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது, மழைக்கு முன் வேலை முடியவேணும் எண்டது நிறுவனம். அறுவடை மட்டும் பொறுக்கேலாதோ எண்டு சென்னை உயர் நீதிமன்றத்திலும் கேள்வி வந்தது.

எங்களில் ரெண்டு பேர் கிளிநொச்சி வயல்காரப் பிள்ளையள். அந்த வீடியோவை அவை முழுசாப் பார்க்கேல்ல. ஆற்றைத் திருப்பத்தான் வேணுமா எண்டு கன்ரீனில ஒரு மணித்தியாலம் சண்டை பிடிச்சம். வெட்டின நாள் பிழை எண்டதில மட்டும் ஒருத்தரும் எதிர்க்கேல்ல.