கேரியரைப் பிடிக்க ஒரு ஆள்

எங்க அருமனைப் பக்கம் சைக்கிள் பழகுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இங்கே நூறு அடி சமதளம் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அபூர்வம். ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், நடுவில் வளைந்து போகும் ரோடு. கை தடுமாறினால் நேரே கையாலையில்தான் போய் முட்டும். (கையாலை என்றால் தோட்டத்தைச் சுற்றிக் கட்டும் மண், கல் மதில்.) அதனால் இங்கே ஒருத்தருக்குச் சைக்கிள் வருமா வராதா என்பது, பின்னால் கேரியரைப் பிடிக்க யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்த ரோட்டில் சைக்கிளில் கைதேர்ந்தவர்கள் மீன்காரர்கள்தான். தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கமிருந்து கேரியரில் மீன் பெட்டியைக் கட்டி, இந்த ஏற்றமெல்லாம் ஏறி வருவார்கள். நாங்கள் வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு ஆடிக்கொண்டு போனால் ஊர் அண்ணன்மார் கைதட்டிச் சிரிப்பார்கள். மீன்காரர் சிரிக்கமாட்டார். "மக்கா, முன் சக்கரத்தப் பாக்காத, தூரத்தப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குச் சைக்கிள் நேரே நின்றது. பாரம் ஏற்றி விழுந்து எழும்பின ஆளுக்குத்தான் அடுத்தவன் விழுவது வேடிக்கையாகத் தெரியாது போல.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் கிடைத்தது. அப்பா ரப்பர் வெட்டுக்காரர், விடியுமுன்னே போய்விடுவார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் சைக்கிள் ரெண்டு மாசம் ஷீட் அடிக்கிற கொட்டகையில் சாய்ந்தே கிடந்தது. சாயங்கால ஸ்பெஷல் கிளாசுக்கு நின்றால் பஸ் போய்விடும். அதனால் பிள்ளை பாதி வகுப்பில் எழும்பி வரும். "சும்மா துருப்பிடிக்கதுக்கு வித்தாலாவது ஆகும்" என்று வீட்டில் பேச்சும் வந்துவிட்டது.

எங்க வீட்டுத் தேங்காய்க் களத்தில் பழகட்டும் என்றேன். ரெண்டாம் நாள் ரோட்டுக்கு இறங்கியபோது, கியர் சைக்கிளில் வந்த பையன்கள் "ரோட்ட விட்டு மாறு பிள்ளே" என்று கத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். அதோடு மூணு நாள் அவள் சைக்கிளைத் தொடவில்லை.

பிறகு வந்தவர் இருபது வருஷமாய்ச் சைக்கிளில் போகும் அங்கன்வாடி அக்கா. முதலில் ரெண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தினார். அடுத்து பெடல் ரெண்டையும் கழற்றச் சொன்னார். (இடது பெடலை வலப்பக்கம் திருகினால்தான் கழலும். நீங்கள் முயன்றால் நினைவிருக்கட்டும்.) லேசான சரிவில் காலால் உந்தி உருளவைத்தார். ரெண்டு நாளில் நிதானம் வந்ததும் பெடலை மாட்டினோம். இறக்கத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கக் கூடாது. பின் பிரேக்கை முதலில், முன் பிரேக்கை மெல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள் அக்கா முன்னால் போனார், பிள்ளையின் வேகத்தில். "பின்னால போனா அவ திரும்பித் திரும்பிப் பாப்பா" என்றார்.

இதையே ஒரு மாவட்டம் முழுக்கச் செய்து காட்டியது புதுக்கோட்டை. 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! கேலிப் பேச்சு அங்கேயும் இருந்தது. ஆனால் நேற்றுப் பழகியவர் இன்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பயிற்சியாளரை வெளியே தேடியிருந்தால் அத்தனை பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்?

நகரத்துச் சைக்கிள் குழுக்களிலும் நல்ல வழக்கம் உண்டு. பிரெவே என்னும் நெடும்பயணத்தில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குள் வந்தால் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. யாரையும் விட்டுவிட்டுப் போகாமல், மெதுவாக வருகிறவர் வேகத்துக்கு எல்லோரும் ஓட்டும் குழுக்களும் உண்டு. ஹெல்மெட்டும் விலை உயர்ந்த சைக்கிளும் வாங்கிவிட்டு அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் என்ன பிரயோஜனம்?

பக்கத்து வீட்டுச் சைக்கிளை விற்கவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறு மணிக்கு மணியடித்துக்கொண்டு போகிறாள். பெரிய ஏற்றத்தில் இன்னும் இறங்கித்தான் உருட்டுகிறாள். அதனால் என்ன, மீன்காரர்களும் அங்கே இறங்கித்தான் உருட்டினார்கள்.

சிதறால் மலைக்கோ திற்பரப்பு அருவிக்கோ நீங்கள் சைக்கிளில் வந்தால் எங்க ஊர்ப்பக்கமும் வாருங்கள். வழியில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளை ஒன்று ஆடி ஆடிப் போனால், கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, "தூரத்தப் பாரு மக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.