பிராண்டடா, அசெம்பிள்டா? - சித்தப்பா கடைக் கணக்கு

"கம்ப்யூட்டர் வாங்கணும்ப்பா, பிராண்டட் வாங்கலாமா, அசெம்பிள்டா?" இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் எனக்கு யாருமே இல்லை. நான் படிப்பது பி.காம். ஆனால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலேஜ் படிக்கிற பையனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் சித்தப்பா ஒருமுறை மாட்டிக்கொண்டார். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. 2012-ல் அப்பா ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினார். எனக்கு அப்போது எட்டு வயது. "பில் போட்டா வரி சேரும் சார், எதுக்கு?" என்று கடைக்காரர் சொன்னதும் அப்பாவும் சரி என்று விட்டுவிட்டார். சாயங்காலம் சுற்று வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரம் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கி ஏறும். டியூப்லைட் துடிக்கும். ஒரு வருடம் பத்து மாதம் ஓடியது. ஒரு நாள் "பட்" என்று ஒரு சத்தம், கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ் போனது மட்டுமில்லாமல் மதர்போர்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு ஒரு மெக்கானிக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்டிக்கர்ல 450 வாட்ஸ்னு போட்டிருக்கான். வெயிட்டே இல்ல பாருங்க. உள்ள காயில் எல்லாம் பேருக்கு இருக்கு." பில் இல்லாததால் வாரண்டியும் இல்லை. ஹார்ட் டிஸ்க் வேறு ஏற்கனவே யாரோ பயன்படுத்தியது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அசெம்பிள்டு என்றால் ஏமாற்று வேலை என்று ஆகிவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் 2024 மார்ச்சில் சித்தப்பாவுக்கு யோசனை சொன்னேன்.

சித்தப்பா வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்று பெயர்தான், வருமானம் எல்லாம் ஆன்லைன் விண்ணப்பம், சான்றிதழ், டிக்கெட் புக்கிங் இவற்றில். 2015-ல் வாங்கிய அசெம்பிள்டு ஒன்று ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்றார். "பேசாம பிராண்டட் வாங்கிடுங்க சித்தப்பா. காசு கூடன்னாலும் நிம்மதி" என்றேன். பெரிய கம்பெனியின் ஆல் இன் ஒன் வாங்கினோம். திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய வகை. மேஜையில் இடம் மிச்சம், வயர் கிடையாது, பார்க்கவும் லட்சணம். 47,000 ரூபாய். வாரண்டி ஒரு வருடம்.

2025 மே மாதம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 விண்ணப்பத்துக்கு மே 24 கடைசி நாள். அந்த மாதிரி வாரத்தில் சித்தப்பா கடையில் நிற்க இடம் இருக்காது. மே 20 காலையில் ஆல் இன் ஒன் ஆன் ஆகவில்லை. வாரண்டி முடிந்து இரண்டு மாதம். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் இரண்டு நாள் கழித்து மதுரையில் இருந்து ஆள் வந்தார். பார்த்தார். "போர்டு மாத்தணும். 14,500 ஆகும். பார்ட் வர பத்து நாள் ஆகலாம்."

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார். "இதுல ரேமையும் எஸ்.எஸ்.டியையும் தவிர எதுவும் நம்ம ஊர்ல கிடைக்காது தம்பி. போர்டு அவன் போர்டு, பவர் லைன் அவன் லைன். நான் என்ன மாட்ட?"

அந்த நாலு நாளும் கடையைக் காப்பாற்றியது 2015-ல் வாங்கிய பழைய டப்பா. விண்ணப்பம் ஒன்றுக்கு கால் மணி நேரம். வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் பல பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. "நீதானடா சொன்ன" என்று ஒரு தடவை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன். (பரீட்சைக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை.)

பிராண்டட், அசெம்பிள்டு என்று நாம் இரண்டு சாதி மாதிரிப் பிரிக்கிறோமே, அது அப்படி இல்லை. 1981-ல் ஐ.பி.எம் தன் பி.சியைக் கொண்டுவந்தபோது அவசரத்தில் கடையில் கிடைக்கிற பாகங்களை வைத்தே செய்தது. பிராசஸர் இன்டெல், டாஸ் மைக்ரோசாஃப்ட். பாகங்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரும் செய்யலாம்தானே? 1982-ல் தொடங்கிய காம்பேக் அதைத்தான் செய்தது. 1984-ல் மைக்கேல் டெல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஹாஸ்டல் அறையில் கம்ப்யூட்டர் சேர்த்து விற்க ஆரம்பித்தார். அதாவது இன்றைய டெல் அன்றைக்கு ஒரு அசெம்பிள்டு கடை! நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் ஆட்கள் செய்ததும் அதே வேலைதான். அவர்களுக்கு விளம்பரம் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் சரக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். பிராசஸர் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ரேம் சிப் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான். பெரிய பெயர் இருந்தால் கோளாறு வராது என்பதும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் மதர்போர்டுகளில் கன்டென்சர் வீங்கி வெடிக்கிற பிரச்சினை உலகம் முழுக்க வந்தது. கெட்ட கன்டென்சர் எல்லார் போர்டிலும் போய்ச் சேர்ந்திருந்தது. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மாடல்களிலும் அது இருந்ததால், பழுது நீக்க மட்டும் 2005-ல் அந்தக் கம்பெனி 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டெல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. எங்கள் அப்பாவுக்கு விற்ற கடைக்காரர் 30 ரூபாய்கூட ஒதுக்கவில்லை. பிராண்டுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு சாமானுக்கு இல்லை, பொறுப்பு ஏற்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கு. அக்கவுண்டன்சியில் குட்வில் என்று படிப்போமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அதுதான். என் சந்தேகம் எல்லாம், அந்தப் பொறுப்பு திண்டுக்கல் வரைக்கும் வந்து சேருகிறதா என்பதுதான்.

ஐம்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வங்கிக்கும் காலேஜுக்கும் வந்து சேரும். அவர்கள் மூன்று வருட ஆன்சைட் வாரண்டியோடு வாங்குகிறார்கள். ஐம்பதும் ஒரே மாடல், ஒன்று போனால் நாற்பத்தொன்பது இருக்கிறது. அவர்கள் பிராண்டட் வாங்குவது சரியான கணக்கு. சித்தப்பாவிடம் இருந்தது இரண்டு. ஒன்று போனால் பாதிக் கடை போச்சு.

பிராண்டும் நிரந்தரம் இல்லை. கம்ப்யூட்டர் பி.சி என்ற வார்த்தையையே ஊருக்குச் சொல்லிக்கொடுத்த ஐ.பி.எம், 2005-ல் அந்தத் தொழிலை லெனோவோவுக்கு விற்றுவிட்டுப் போனது. நம் நாட்டில் ஒரு காலத்தில் ஆபீஸ் ஆபீஸாக எச்.சி.எல், விப்ரோ பெட்டிகள்தான். எச்.சி.எல் நிறுவிய சிவ் நாடார் நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். பாண்டிச்சேரியிலேயே தொழிற்சாலை இருந்தது. இரண்டு கம்பெனியும் 2013-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பை விடுவதாக அறிவித்தன. ஆனால் இன்டெல் 1995-ல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் அளவு இன்னும் இருக்கிறது. அந்த அளவில் செய்த கேபினெட்டில் எந்தக் கம்பெனி போர்டும் உட்காரும், எந்தக் கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்ஸும் சேரும். பெரிய பிராண்டுகளின் ஆபீஸ் டெஸ்க்டாப் பலவற்றில் பவர் கனெக்டரே வேறு. எங்கள் மெக்கானிக் அண்ணன் கையை விரித்தது அதனால்தான்.

எங்கள் ஊர்ப் பூட்டு விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். நாகல்நகர், நல்லாம்பட்டி பக்கம் கையால் அடித்துச் செய்யும் பூட்டில் கம்பெனி பெயர் பெரிசாக இருக்காது. செய்தவர் யார் என்று தெரியும், தெருவில் போய்க் கேட்கலாம். அலிகாரில் இருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து இந்தத் தொழிலைப் படுக்க வைத்தது. 2019-ல்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியவர்கள் "திண்டுக்கல் பூட்டு" என்று கேட்டு வாங்கினார்களே, அப்போது அது பிராண்டடா, அசெம்பிள்டா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (பிரியாணிக்கே பிராண்ட் பார்க்கிற ஊர், எங்களிடம் போய் இதைக் கேட்கலாமா!)

சரி, கதைக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. கடையைக் காப்பாற்றிய பழைய டப்பாவின் பிராசஸர் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. ஊர்க்காரர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அடிக்கிற கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. சித்தப்பா மறுபடி என்னிடமே கேட்டார். "இந்தத் தடவ என்னடா வாங்கலாம்?" எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த முறை வாயால் யோசனை சொல்லவில்லை, பேப்பரில் எழுதினேன். பாகம் பாகமாகப் போட்டுப் பார்த்தால் அசெம்பிள்டில் வாரண்டி கூடுதல். பெட்டியோடு வரும் இன்டெல் பிராசஸருக்கு மூன்று வருடம். மதர்போர்டு மூன்று. எஸ்.எம்.பி.எஸ் நல்ல கம்பெனி என்றால் மூன்று முதல் ஐந்து. ரேமுக்கு அதற்கும் மேல். ஆல் இன் ஒன்னுக்கு மொத்தமாகவே ஒன்று. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியது நாம்தான். அதனால் கடைக்காரரிடம் இரண்டு நிபந்தனை வைத்தேன். ஜி.எஸ்.டி பில் வேண்டும், 18 சதவீதம் போனால் போகட்டும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். ஒரு கடைக்காரர் "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர் பேசாமல் எழுதிக் கொடுத்தார். இரண்டாமவரிடம் வாங்கினோம். 700 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டு 2,800 ரூபாய்க்குப் போட்டோம். சித்தப்பாவுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. 2012-ல் நடந்ததைச் சொன்னேன், சரி என்றார்.

ஒரு இடத்தில் மட்டும் அடி. நவம்பரில் கொட்டேஷன் வாங்கிவிட்டு, சீட்டுப் பணம் வரட்டும் என்று டிசம்பர் கடைசி வரை தள்ளிப் போட்டோம். அதற்குள் ஏ.ஐ டேட்டா சென்டர்கள் உலகத்து ரேம் சிப்பை எல்லாம் வாரிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தன. குருசியல் என்ற பெயரில் கடைகளுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் அந்த வியாபாரத்தையே விடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கள் கொட்டேஷனில் இருந்த ரேம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பெரிய கம்பெனிகள் மொத்தமாக முன்பே ஒப்பந்தம் போட்டு வாங்குவார்கள், அவர்களுக்கு இந்த அடி மெதுவாகத்தான் விழும். சில்லறைக்கு வாங்கும் எங்களுக்கு மறுநாளே விழுந்தது. இது பிராண்டட் பக்கம் உள்ள நியாயம், மறைக்கக் கூடாது. 16 ஜி.பி போட நினைத்தது 8 ஜி.பி ஆனது. ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது, விலை இறங்கினால் போட்டுக்கொள்ளலாம்.

தங்கச்சிக்கு லேப்டாப் வேண்டும் என்றபோது பிராண்டட்தான் வாங்கினார்கள். லேப்டாப்பில் நமக்கு வேறு வழி கிடையாது. கூட மூன்று வருட வாரண்டிக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னேன், கட்டினார்கள்.

அந்த ஆல் இன் ஒன்னுக்கு போர்டு பத்து நாளில் வரவில்லை, பத்தொன்பதாம் நாள் வந்தது. இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கடைசித் தேதி விண்ணப்பம் என்று யாராவது வந்தால் சித்தப்பா அதில் உட்கார மாட்டார்.