வாயிலிற் கூறவேண்டிய சொல்

வீட்டு வாயிலில் ‘நல்வரவு’ என்று எழுதிவைப்பது நம்மவர் வழக்கம். வருவோரை முகமலர்ந்து ஏற்பது இல்லறத்தின் சிறப்பு. ஆயினும் எல்லா வாயில்களுக்கும் அச்சொல் பொருந்துமோ? பரீட்சை வினாத்தாள்களைப் பூட்டிவைத்த அறையின் கதவில் ‘நல்வரவு’ என்று எழுதுவார் உண்டோ?

பல கணினிகளுக்குப் பொதுவாய் நின்று பதிவேடுகளைக் காப்பது சேவையகம். அதனோடு நேரே இணைந்த திரையையும் விசைப்பலகையையும் கொன்சோல் என்பர். பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்குமுன் அத்திரையில் சில வரிகள் தோன்றும். அவையே அவ்வாயிலின் அறிவிப்புப் பலகை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லொன்றைத் தட்டிப் புள்ளிப் பதிவேட்டினுள் நுழைந்துவிட்டான். எதனையும் மாற்றினான் அல்லன், பார்த்தான், அவ்வளவே. அவனைக் கல்லூரியினின்று நீக்குவதா என ஆராய்ந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். “சேர், ‘வெல்கம்’ என்றுதானே எழுதியிருந்தது?” என்றான் அவன். சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. கணினியை அமைத்துத் தந்தவர் அழகுக்காக எழுதிவைத்த சொல் அது. அவன் செயல் தவறே. ஆயினும், தடையென்று எங்கும் கூறாத வாயிலைக் கடந்தவனுக்கு முழுத்தண்டனை நீதியாகுமா என்று கேட்டேன். நீண்ட வாதத்தின்பின் கண்டிப்போடு விடப்பட்டான்.

சட்டமும் இவ்விடயத்தில் அறிவையே முதன்மையாகக் கொள்கின்றது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், தனக்கு அதிகாரமில்லை என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ புகுவதையே குற்றமென்கிறது. அவ்வறிவை ஊட்டும் எளிய வழி வாயில் அறிவிப்பே. அமெரிக்காவிலும் 1992 டிசம்பரில், நீதித் திணைக்களத்தின் ஆலோசனையை ஒட்டிச் சேர்ட் நிலையம் ஓர் அறிவுறுத்தல் விடுத்தது: பயனர் தட்டும் விசைகளைக் கண்காணிக்கும் நிருவாகிகள் அதனைப் புகுமுன்னரே அறிவித்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

லினக்ஸ் முறைமையில் இதற்கென ‘இஷ்யூ’ என்னும் சிறு கோப்பு உண்டு. அதில் எழுதுவது கொன்சோலில் புகுமுன் தோன்றும். எஸ்.எஸ்.எச். வழியாகத் தொலைவிலிருந்து வருவோர்க்கு அது தானாகத் தோன்றாது. ‘பானர்’ என்னும் அமைப்பைத் தனியே எழுதவேண்டும். ‘அன்றைய செய்தி’ எனப் பொருள்படும் ‘மோட்’ கோப்போ, புகுந்தபின் தோன்றுவது. முன்னது அந்நியர்க்கு, பின்னது நம்மவர்க்கு. முறைமையின் பெயரையும் பதிப்பெண்ணையும் முன்னதிற் காட்டுவது, எந்தப் பூட்டுப் பூட்டியுள்ளோம் என்று கள்வனுக்குச் சொல்வதை ஒக்கும்.

உள்ளே கூறுவதிலும் கவனம் வேண்டும். 1960களில் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துச் சீ.ரி.எஸ்.எஸ். முறைமையில், ஒரு பிற்பகல், அன்றைய செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாயின! இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்த, அவற்றின் தற்காலிகப் பிரதிகள் ஒரே பெயரைப் பெற்றமையே காரணம். அம்முறைமையை ஆக்கிய பெர்னாண்டோ கோர்பட்டோ, 1990 ஆம் ஆண்டின் டூரிங் பரிசுக்கான உரையில் இதனைத் தாமே எடுத்துரைத்தார்.

தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு குறை உண்டு. லினக்ஸின் வெறுங் கொன்சோல் ஒரு வேளையில் 512 வடிவங்களுக்குமேற் காட்டாது. நம் எழுத்துகளைக் கொம்பும் காலும் சேர்த்து அமைக்கவும் அறியாது. ஆதலால் வாயிலறிவிப்பை ஆங்கிலத்திலேயே எழுதல் வேண்டியதாயிற்று. “இது கல்லூரியின் உடைமை, அனுமதி பெற்றோரே புகலாம், இங்கு நிகழ்வன பதிவாகும்” என்னும் பொருள்பட மூன்று சிறு வரிகள் போதும். அச்சுறுத்தலும் வேண்டா, அலங்காரமும் வேண்டா.

இளைஞரைத் தண்டிப்பது எளிது. எல்லை எதுவென்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவைப்பதோ பெரியோர் கடமை. அக்கடமையைச் செய்தவர்க்கே பின்னர்க் கண்டிக்கும் உரிமை உண்டு. கணினிக்கு மட்டுமன்று, வீட்டிற்கும் வகுப்பறைக்கும் இது பொருந்தும்.