லைஃப் சர்டிபிகேட்

ஒவ்வொரு நவம்பரிலும், இன்னின்னார் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பதற்கான காகிதங்களை வாங்கி வைப்பது என் உத்தியோகம். ஸ்ரீபெரும்புதூரில் மற்ற மாதங்களில் என் கவுன்ட்டர் முன் நிற்பவர்கள் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளின் இளைஞர்கள். நவம்பரில் கிழவர்களும் சேர்ந்துகொள்வார்கள். 2014-இல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு கைரேகைக் கருவியும் இதில் ஒரு சாட்சி. அப்பா கடைசியாக வந்த நவம்பரில் அவர் விரலை அது மூன்று முறை நிராகரித்தது. கருவியைத் திட்டிவிட்டு, விரலைத் துடைத்து மறுபடி அழுத்தினேன். விரல் சில்லென்றிருந்தது. அது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பிறத்தியார் கவிதையில் சொல்லாமல் விட்டதையெல்லாம் கண்டுபிடித்து எழுதுகிறவன் நான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு நான்கு வருஷங்களாக இருதயச் செயலிழப்பு. இருதயம் நின்றுபோவதல்ல இது. உடம்பு கேட்கிற அளவுக்கு ரத்தத்தை இறைக்க அதனால் முடியாமற்போவது. நீர் தேங்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை இறக்கினால் ஒரு வாரத்தில் வீடு திரும்பி, பேப்பர் எங்கே என்று கேட்பார். புற்றுநோயாளி பெரும்பாலும் கடைசிச் சில மாதங்களில் ஒரே சரிவாகச் சரிகிறான். இருதய நோயாளியோ விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, முன்னைவிடச் சற்றுக் கீழே எழுகிறான். 2005-இல் ஸ்காட் முர்ரேயும் சகாக்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் கோடாகவே வரைந்து காட்டினார்கள். கோட்டைப் பார்ப்பவனுக்குச் சரிவு தெரியும். கூடவே இருப்பவனுக்குத் தெரிவது எழுந்ததுதான். ஐந்து தடவை திரும்பி வந்தவர் ஆறாவது தடவை வரமாட்டார் என்று எதை வைத்து நினைப்பது?

எதை வைத்து என்பது பிறகு தெரிந்தது. ரத்த அழுத்தம் தாங்கவில்லை, சிறுநீரகம் தாங்கவில்லை என்று டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். ஒன்பது ஆறாயிற்று, ஆறு நாலாயிற்று. அம்மா பக்கத்து வீடுகளிலெல்லாம் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். காப்பாற்றிக்கொண்டிருந்த மருந்தையே உடம்பு ஏற்க மறுக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனார். அதற்கும் முன்போல் நீர் பிரியவில்லை. தோள் எலும்பு துருத்தியதை வீக்கம் வடிந்ததாக எடுத்துக்கொண்டோம். இரண்டு கவளத்தில் தட்டை நகர்த்துவதை வயசு என்றோம். அந்த வருஷம் மட்டும் நாலு தடவை ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்தோம். இப்படி வாசிக்கிற விமர்சகனை நான் கிழித்திருப்பேன்.

ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூலொன்றில் சாவின் முகம் விவரிக்கப்பட்டிருக்கிறது. கூர்த்த மூக்கு, குழிந்த கண், ஒடுங்கிய பொட்டு, குளிர்ந்த காது. அந்த முகம் வந்தபின் எவனுக்கும் தெரியும். மூச்சு ஏறி, இறங்கி, நின்று, மறுபடி தொடங்குவதை 1818-இல் செய்னும் 1854-இல் ஸ்டோக்ஸும் எழுதி வைத்தார்கள். ஆனால் இந்த நோயில் அது தூக்கத்தில் மாதக்கணக்கிலும் வந்துகொண்டிருக்கக்கூடும். தேதி சொல்லும் அடையாளம் எதுவுமில்லை. டாக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. 'இன்னும் எத்தனை நாள்' என்று அவரை நான் கேட்டதேயில்லை. கேட்டிருந்தால் தேதி கிடைத்திராது; ஒரு பேச்சு தொடங்கியிருக்கும்.

அப்பா தொடங்கினார். மார்கழி ராத்திரி, மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரகடம் பக்கமிருந்து ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"ஏண்டா, அடுத்த நவம்பருக்கு நான் வர வேண்டியிருக்குமா?"

"வர வேண்டாம்ப்பா. இப்பல்லாம் போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து ரேகை எடுத்துப்பார்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்படியா, சௌகரியந்தான்" என்றார்.

தை முடிவதற்குள் போய்விட்டார். பென்ஷனை நிறுத்தச் சொல்லும் விண்ணப்பத்தை அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, என் கவுன்ட்டரில் நானே பெற்றுக்கொண்டேன்.