குடுவைச் செடி இலை உதிர்த்தால் மருந்தைத் தேடாதீர்கள்

"வீட்டுக்குள் தொங்கவிட்டிருக்கும் குடுவைச் செடியில் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?" கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நெல்லும் நிலக்கடலையும் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். இன்று கிராமங்களில் பல பெண்கள் வீட்டுக் கொல்லையிலேயே நாற்றங்கால் போட்டு அழகுச் செடிகளை விற்கிறார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு அம்மா, மகளிர் குழுக் கடனில் 7,500 ரூபாய்க்கு 30 குடுவைச் செடிகளை வாங்கி வைத்திருந்தார். ரோஜாவும் செம்பருத்தியும் அவர் கையில் அப்படி வரும். குடுவைச் செடியோ வந்த ஆறாவது வாரமே இலையைக் கொட்ட ஆரம்பித்தது. கடையில் சொன்னபடி பூஞ்சணக் கொல்லியும் தெளித்தார், 19:19:19 உரமும் கொடுத்தார். உதிர்வு இன்னும் கூடியது. "தவணை கட்டணும் சார், செடி போனா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

இலையைப் பார்ப்பதற்கு முன் அவருடைய தண்ணீரைப் பார்த்தேன். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத்தன்மை, அதாவது ஈ.சி., 1.9 இருந்தது. லிட்டருக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் உப்பு என்று கணக்கு. பருத்திக்கும் தென்னைக்கும் இது பெரிய தொல்லை தராது. குடுவைச் செடிக்கு இது விஷம். தொட்டிக் கலவையோ செம்மண், மணல், தொழுவுரம் என்று ரோஜாவுக்குப் போடுகிற அதே கலவை.

ஏன் இப்படி என்று புரிய, அந்தச் செடியின் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும். நெப்பந்தஸ் எனப்படும் இந்த இனத்துக்குத் தாயகம் போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் போன்ற மழைக்காட்டுப் பகுதிகள். இலங்கையில் ஒரு வகை உண்டு. இந்தியாவில் இயற்கையாக இருப்பது ஒரே வகைதான். அது மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் வளர்கிறது. காரோ மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்குப் 'பேயின் கூடை' என்று பொருள். அங்கெல்லாம் ஓயாத மழை. மண்ணில் இருக்கிற சத்தை அது கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் இலையின் நடு நரம்பு கொடியாக நீண்டு, நுனியில் குடுவையாகி, பூச்சியைப் பிடித்துத் தழைச்சத்தைத் தேடிக்கொள்கிறது. சத்தில்லாத மண்ணுக்கும் மழைநீருக்கும் பழகிய வேரில் உரத்தையும் உப்பு நீரையும் ஊற்றினால், வேர் கருகுகிறது, இலை விழுகிறது. ஒரு செடியை அதன் ஊரிலிருந்து கொண்டுவந்தால், அதன் ஊர்த் தண்ணீரையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது மருந்தில்லாத வைத்தியம். ஓட்டுக் கூரையிலிருந்து வடியும் மழைநீரை, முதல் மழையை விட்டுவிட்டு, 200 லிட்டர் டிரம்மில் பிடித்தார். கொசு புகாமல் துணி கட்டி மூடினார். 30 செடிக்கு வாரம் 15 முதல் 20 லிட்டர்தான் செலவாகும் என்பதால் ஒரு டிரம் இரண்டரை மாதம் வந்தது. மண் கலவையை எடுத்துவிட்டு, மழைநீரில் நாலைந்து முறை அலசிய தென்னை நார்த் துண்டுகளும் பெர்லைட்டும் கலந்து மாற்றினோம். உரமும் தெளிப்பும் அடியோடு நிறுத்தம். 11 செடிகள் போய்விட்டன. மீதி 19 செடிகளும் மூன்றாவது மாதம் புது இலை விட்டன. விற்ற பணத்தில் போட்ட முதலை எடுத்துவிட்டார். பெரிய லாபம் இல்லை, ஆனால் தவணை தவறவில்லை.

உங்கள் செடியில் என்ன கோளாறு என்று இலையே சொல்லும். அடியில் உள்ள பழைய இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி, நுனியில் புது இலை வந்துகொண்டிருந்தால் அது வயதான இலை, கவலை வேண்டாம். இலை ஓரமும் நுனியும் பழுப்பாகிக் கருகினால் உப்பு நீர் அல்லது உரம் காரணமாக இருக்கலாம். பல இலைகள் ஒரே சமயம் தளர்ந்து மஞ்சளாகி, தொட்டியில் புளித்த வாடை வந்தால் வேர் அழுகல். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிற்க வைக்காதீர்கள். ஈரம் இருக்க வேண்டும், தேங்கக் கூடாது. இன்னொன்று, இந்தச் செடியின் வேர் இயல்பாகவே கறுப்பு. கறுப்பாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். அழுத்திப் பார்த்துக் கூழாக இருந்தால்தான் அழுகல்.

இலை பச்சையாக இருந்து குடுவை மட்டும் காய்ந்தால், காற்றில் ஈரம் போதவில்லை அல்லது இடம் மாறிய அதிர்ச்சி. மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் நேர் எதிரே வைக்கக் கூடாது. புதிதாக வாங்கிய செடியை ஓட்டை போட்ட பாலிதீன் பையால் தளர்வாக மூடி, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். காய்ந்த குடுவையை மட்டும் நறுக்குங்கள். பச்சை இலையை வெட்டக் கூடாது. செடிக்குச் சோறு சமைப்பது அந்த இலைதான்.

வெளிச்சம் குறைந்தாலும் குடுவை வராது, இலை மெலியும். கிழக்கு ஜன்னல் ஓரம் நல்லது. சித்திரை, வைகாசி நடுப்பகல் வெயில் நேரடியாகப் பட்டால் இலை வெந்துவிடும்.

மழைநீர் இல்லாத காலத்தில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். டி.டி.எஸ். மீட்டரில் 50-க்குள் காட்டினால் நல்லது, 100-ஐத் தாண்ட வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய நீர் மாற்றாகாது. கொதித்தால் கரைந்த உப்பு முழுவதும் போய்விடாது. குடுவைக்குள் சோறு, இறைச்சி போடாதீர்கள். எறும்பும் ஈயும் தானே வந்து விழும். வண்டியில் வரும்போது குடுவை நீர் சிந்தியிருந்தால் கால் பங்குக்கு மழைநீர் ஊற்றினால் போதும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் செடியை வாங்கிப் போகிறவரிடம் "மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர் மட்டும், உரம் வேண்டாம்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். செடி பிழைத்தால் அவர் மறுபடி உங்களிடம்தான் வருவார். மேகாலயக் காட்டிலிருந்து பிடுங்கிய செடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இனம். நாற்றங்காலில் வளர்ந்த கலப்பினங்களே வீட்டுக்குப் போதும், அவை எளிதில் பழகவும் செய்யும்.

இலை உதிர்வு பற்றி எழுதுகிறவர்கள் மூன்று விவரம் சேர்த்து எழுதுங்கள்: எந்தத் தண்ணீர், எந்தக் கலவை, தொட்டி இருக்கும் இடம். அது தெரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரிதான்.