கலத்தைத் தின்னும் வெள்ளீயம்

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அதற்கு இந்தப் பக்கம், ஓசூர் சிப்காட்டின் கிளைத் தெரு ஒன்றில் இருக்கும் சிறு தொழிற்கூடத்துக்கு நண்பர் ஒருவர் அழைத்துப்போனார். வண்டிகளுக்கான மின்னணு போர்டுகளைப் பெரிய கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் இடம். 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலமுள்ள பாகங்களைக் கோழி தீனி பொறுக்கும் வேகத்தில் எடுத்து வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் இயந்திரத்தைப் பார்க்கத்தான் போனது. ஆனால் கால் நின்றது கூடத்தின் கடைசியில், பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் பாத் முன்னால்.

தொட்டி ஒன்றில் உருகிய உலோகம் கண்ணாடிபோல் பளபளக்கிறது. அடியிலுள்ள பம்ப் அதை அலையாக மேலே தள்ள, போர்டு அந்த அலையை உரசிக்கொண்டு நகர்கிறது. பாகங்களின் கால்கள் எல்லாம் நொடிகளில் பற்றிக்கொள்கின்றன. பார்த்துக்கொள்பவர் ராயக்கோட்டைக்காரர், ஐடிஐ ஃபிட்டர். லைனில் உள்ள பெண்களுக்கெல்லாம் அண்ணன். காலையில் அவருடைய முதல் வேலை, பாத்தின் மேல் படியும் டிராஸ் என்னும் கசடை வழித்தெடுப்பது.

அவர் கதையே இந்தப் பாத்தின் கதைதான். ஈயம் கலந்த பழைய சால்டரில் வெள்ளீயம் 63 பங்கு, ஈயம் 37. உருகுநிலை 183 டிகிரி. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பா பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை போட்டது; ஏற்றுமதி செய்பவர்கள் ஈயமில்லாததைக் கேட்கத் தொடங்கினார்கள். புதியதில் வெள்ளீயம் 96.5 சதவீதம், வெள்ளி 3, செம்பு 0.5. உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பாத்தை 260 வாக்கில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் வெள்ளீயம் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே கரைத்துத் தின்னும். உலோகம் வேகமாக ஓடும் பம்ப் விசிறியும் நாசிலும் முதலில் அரிபடும். கரைந்த இரும்பு வெள்ளீயத்தோடு சேர்ந்து ஊசி ஊசியாக உறையும். பாத்தின் சூட்டில் உருகாத அந்த ஊசிகள் அலையோடு வந்து இரண்டு கால்களுக்கு நடுவே பாலம் போட்டுவிடும்.

இங்கே தொட்டியே அப்படி அரிபட்டது. ஈயக் காலத்துத் தொட்டியோடு இருந்த பழைய இயந்திரத்தை ஒரு தரகர் மலிவாகத் தள்ளிவிட்டார். டைட்டானியமோ வார்ப்பிரும்போ வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் வருடம் தொட்டியின் அடி கசிந்தது. “நைட் ஷிப்ட் சார். பக்கத்துல யாரும் நிக்கல, அதுதான் புண்ணியம்” என்கிறார் அண்ணன். விற்றவருக்கு அது ஒரு கமிஷன். நிற்பவருக்கு அது கால். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. டிராஸ் வாங்க வருகிறவரும் சளைத்தவர் இல்லை. ஆக்சைடு படலத்துக்குள் சிக்கிய நல்ல உலோகமே அதில் பெரும்பங்கு. அவர் குப்பை விலை பேசுகிறார். வேலை கொடுக்கும் கம்பெனியிடமிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. அவசரப் பணத்துக்காக அந்த விலைக்கே கொடுக்கிறவர்களுக்கு அந்த 45 நாள் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பிக் அண்ட் பிளேஸ் இயந்திரம் வாங்குகிறவர்கள் கேட்டலாக்கில் மணிக்கு எத்தனை பாகம் என்று பார்க்கிறார்கள். அது தோதான நிலையில் அளந்த வேகம். நாளைக்கு நாலு வகை போர்டு மாற்றும் கூடத்தில் பாகங்களை ஊட்டும் பீடரை மாற்றுவதிலேயே பாதி நேரம் போய்விடும். நாசில் உடைந்தால் எங்கே கிடைக்கும், ஆள் எப்போது வருவார் என்றுதான் கேட்க வேண்டும். பெங்களூரு 40 கி.மீ. தூரத்தில் இருப்பது ஓசூருக்குப் பெரிய பலம். குருபரப்பள்ளி டெல்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கும் கெலமங்கலம் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸுக்கும் சொந்தப் பராமரிப்புப் படை உண்டு. இங்கே அண்ணன் ஒருவர்தான்.

இயந்திரம் வைக்கும் சிறு பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட் டப்பாவைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமல் நாலு மணி நேரம் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓசூரின் மழைக்கால ஈரம் அதில் வியர்த்து, பேஸ்ட்டை உருக்கும் ரீப்ளோ ஓவனில் சிறு குண்டுகளாகத் தெறிக்கும். எனவே முந்தின ஷிப்ட் பெண்ணே அடுத்த ஷிப்டுக்கான டப்பாவை வெளியே வைத்து, மூடியில் நேரம் எழுதிவிட்டுப் போகிறார்.

மாலையில் அண்ணன் கரண்டியால் கொஞ்சம் சால்டரை மொண்டு அச்சில் ஊற்றி ஆறவிட்டார். செம்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க லேபுக்குப் போகும் மாதிரி. 1 சதவீதத்தை நெருங்கினால் அலை மந்தமாகிவிடுமாம். கொஞ்சம் எடுத்துவிட்டுச் செம்பில்லாத கட்டியைப் போட வேண்டும். “போன மாசம் 0.8 சார்” என்று நோட்டைக் காட்டினார். புதிய டைட்டானியம் தொட்டி வந்த தேதி அதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருந்தது.