வாயில்லா ஜீவனின் வாய்க்குள்...

நாயையும் குச்சியையும் பிரித்துப் பார்க்க நம்மில் யாருக்கும் தோன்றுவதில்லை. சாலையோரத்தில் ஒரு நாய்க்குட்டி, முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரு சுள்ளியை இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கடிக்கும் அழகை ஒரு நிமிடம் நின்று ரசிக்காதவர் உண்டோ? நானும் ரசித்தவன்தான். ரசித்ததோடு நில்லாமல், குச்சியை எறிந்து எடுத்துவரவும் பழக்கியவன். அந்த விளையாட்டு எங்கள் வீட்டு மணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

மணி உயர்ந்த இனத்து நாய் அன்று. ராஜபாளையமும் இல்லை, கோம்பையும் இல்லை. ஒரு மழைநாளில் என் தங்கை பாவாடைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்த தெருக்குட்டி. "எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுட்டு வாடி" என்று கத்திய அம்மாதான், அன்று இரவு பழைய சாக்கை நான்காக மடித்துத் திண்ணையில் விரித்தவள்.

நாய்க்குட்டிக்கு முதலில் முளைப்பவை 28 பால்பற்கள். நான்காம் மாத அளவில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்த நாட்களில் ஈறு தினவெடுக்கும். கண்டதையெல்லாம் கடிக்கச் சொல்லும். அப்பாவின் செருப்பு, அம்மாவின் துடைப்பம், என் தாவரவியல் செய்முறை ஏடு எல்லாம் மணியின் பல்லுக்கு இரையாயின. "செருப்பைக் கடிக்கிறதுக்குக் குச்சியைக் கடிச்சிட்டுப் போகட்டும்" என்று அப்பா தீர்ப்பு வழங்கினார். தெருமுனையில் புளியமரம் இருந்தது, குச்சிக்குப் பஞ்சமில்லை. மாலையில் கல்லூரி விட்டு வந்ததும் நான் எறிவேன். அவன் பாய்ந்தோடி எடுத்து வருவான். குச்சி தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டால் அவனுக்கு இருக்கும் பெருமிதம், பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றவருக்குக்கூட இராது!

சென்ற ஆண்டு பருவத்தேர்வு நேரம். படிப்பில் மூழ்கியிருந்த நான் மணியை இரண்டு நாட்களாகக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை தங்கை அழுதுகொண்டே வந்து எழுப்பினாள். வாசலில் மணி நின்றிருந்தான். வாய் பாதி திறந்தபடி இருந்தது. கடைவாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்து மார்பை நனைத்திருந்தது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டுவதும், தலையைத் தரையில் தேய்ப்பதும், திடீரென்று வட்டமடித்து ஓடுவதுமாக இருந்தான். வைத்த சோறு அப்படியே கிடந்தது.

செய்தி தெருவெங்கும் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "வெறி பிடிச்சிருச்சு" என்றார் ஒருவர். "சின்னப் பிள்ளைங்க நடமாடுற தெரு தம்பி, யோசிச்சிட்டு நிக்காதீங்க" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். அவர் கெட்டவர் அல்லர். மணிக்குத் தினமும் ரொட்டித்துண்டு போடுகிறவர். ஆனால் அன்று அவர் கையில் ஒரு தடி இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று தடிகள்.

அச்சத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் மனிதனுக்குத் தோன்றிவிட்டால், அதன்பின் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் அன்று எனக்கு அந்த விவேகம் இல்லை. மணியை இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினேன்; கதவைத் தாழிட்டேன். தொண்டையில் எலும்பு ஏதாவது சிக்கியிருக்குமோ என்ற எண்ணத்தில், அவன் தாடையை ஒரு கையால் பிடித்து, மறுகையின் விரல்களை வாய்க்குள் விட்டேன். வலியில் அவன் தலையை உதறினான். பல் என் விரலில் உராய்ந்து தோலைக் கீறியது. இரத்தம் வரவில்லை. நான் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு, மணியின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் கால்நடை மருந்தகத்துக்கு அதுதான் பெயர். டாக்டர் தொலைவிலிருந்தே மணியைச் சற்று நேரம் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி, தண்ணீர் குடிக்க முயல்கிறானா, ஆளை அடையாளம் தெரிகிறதா, வேறு நாய் கடித்ததுண்டா, எதைக் கடித்து விளையாடுவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு தடித்த கையுறை அணிந்து, மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்.

"இங்கே வாங்க தம்பி" என்றார். எட்டிப் பார்த்தேன். மேலண்ணத்தின் குறுக்கே, இருபுறத்துக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே, அடித்து வைத்த உத்தரம்போல ஒரு புளியங்குச்சித் துண்டு! சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதைச் சுற்றி அண்ணம் புண்ணாகி நாற்றமெடுத்திருந்தது. இடுக்கியால் டாக்டர் பிடித்து இழுக்க, 'டக்'கென்று வெளியே வந்தது.

"என்ன படிக்கிறீங்க?"

"விலங்கியல் சார்."

"நாய்க்கு எத்தனை பல்?"

"42 சார். மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22."

"எண்ணிக்கை சரி. அந்தப் பல்லுக்கு நடுவிலே என்ன மாட்டும்னு மட்டும் தெரியலை!"

விலங்கியல் மாணவன் என்று சொல்லிக்கொள்ள அன்று வெட்கமாக இருந்தது. நாயின் மண்டையோட்டைப் படம் வரைந்து பாகங்கள் குறித்தவன் நான். மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலைப்போல ஒன்றையொன்று உரசி வெட்டும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். அந்தக் கத்தரியில் அகப்படும் குச்சி ஒடிகிறபோது, ஒடிந்த துண்டு இரண்டு பக்கப் பற்களுக்கும் இடையே சரியாகப் பொருந்தி மாட்டிக்கொள்ளும். நாவால் தள்ள முடியாது. காலால் எடுக்க முடியாது. சொல்ல வாயும் கிடையாது.

எனினும் மணி பெற்றது சிறிய தண்டனைதான் என்றார் டாக்டர். எறிந்த குச்சி ஒரு முனை மண்ணில் குத்தி நிற்க, ஓடிவரும் வேகத்தில் நாய் அதன்மேல் பாய்ந்தால், மறுமுனை நாக்கின் அடியிலோ தொண்டையிலோ ஈட்டியாய்ப் பாயும். உணவுக்குழலும் மூச்சுக்குழலும் பெரிய இரத்தக்குழாய்களும் நெருங்கி ஓடும் இடம் அது. உயிரே போகலாம். சில வேளைகளில் நாய் ஒரு முறை வீறிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். வெளியே காயம் தெரியாது. உள்ளே தங்கிய சிராயோ வாரங்கள், மாதங்கள் கழித்துத் தாடையின் கீழ் சீழ்க்கட்டியாக எழும்பும். எக்ஸ்ரே எடுத்தாலும் மரத்துண்டு எலும்பைப்போலத் தெளிவாகத் தெரிவதில்லை. விழுங்கிய கூரிய துண்டு குடலைக் குத்தலாம், அடைக்கலாம். இன்னொன்றும் சொன்னார்: வேலியோர அரளிக் குச்சியைக் கடித்தால் காயம்கூட வேண்டாம், அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

எல்லாம் கேட்டுவிட்டு, விரலில் பட்ட கீறலைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?"

நான் தலைகுனிந்தேன். போடலாம், போடலாம் என்று ஓராண்டைக் கடத்தியிருந்தேன்.

அப்போது அவர் சொன்னதுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. வெறிநோயில் நாய் சீறிக் கடிக்கும் வகை மட்டுமன்றி, முடங்கிப்போகும் வகையும் உண்டு. அதில் தாடை செயலிழந்து தொங்கும். விழுங்க முடியாததால் எச்சில் வடியும். பார்ப்பவர்கள், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விடுவார்கள். எச்சில் வழியே நோய் ஏறிவிடும். குச்சி மாட்டிய நாய் வெறிநாயைப்போலத் தோன்றும். வெறிநாய் குச்சி மாட்டிய நாயைப்போலத் தோன்றும்! தெரு செய்த பிழை முதல் வகை. நான் செய்தது இரண்டாம் வகை. என் பிழைதான் பெரிது.

உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கையைக் கழுவச் சொன்னார். அங்கிருந்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போனேன். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தாத்தா சொல்லி மிரட்டுவார். இன்று அது இல்லை. முதல் நாள், மூன்றாம் நாள் கழித்து, ஏழாம் நாள் கழித்து, இருபத்தெட்டாம் நாள் கழித்து என நான்கு தடவை, இரு புயங்களிலும் தோலுக்குள் சிறு ஊசி, அவ்வளவே. 1885 ஜூலை 6 அன்று ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் தொடங்கி வைத்த சிகிச்சையின் கொடை இது. நம் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் 1907-லேயே எழுந்தது என்பதைப் படித்திருந்தேன். அதன் பொருள் என் கையில் ஊசி ஏறியபோதுதான் விளங்கியது.

மணியைப் பத்து நாள் தனியே கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பத்து நாட்களை என்னால் மறக்க முடியாது. புண் ஆறும் நாயை நான் பார்ப்பேன். என்னை அம்மா பார்ப்பாள். நாளொன்றுக்கு ஒரு கோடு என்று சமையலறைச் சுவரில் கரியால் அம்மா கிழித்த பத்துக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. பதினோராம் நாள் மணி வாலை ஆட்டிக்கொண்டு சோற்றுக்குக் குரைத்தபோது, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னர் அவனுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் அன்று இரண்டு ரொட்டித்துண்டுகள் போட்டார். ஒன்றும் பேசவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ விடுதி வாசலிலோ நாய் இருந்தால் குச்சியை எறியாதீர்கள். வாய்க்குள் முழுவதும் போகாத பெரிய ரப்பர்ப் பந்தோ, முடிச்சிட்ட தடித்த கயிறோ போதும். அதையும் கண்காணிப்பில் கொடுங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். எச்சில் ஒழுக நிற்கும் நாயைக் கண்டால் தடியும் வேண்டாம், கையும் வேண்டாம். விலகி நின்று, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அந்தப் புளியங்குச்சித் துண்டு இப்போது என் மேசைமேல் ஒரு சிறு புட்டியில் இருக்கிறது. செய்முறைத் தேர்வில் காட்டும் மாதிரிப் பொருள் அல்ல அது. விடையை மனப்பாடம் செய்துவிட்டோம் என்று நிமிரும்போதெல்லாம் என்னைக் குனியவைக்கும் வாத்தியார்.